பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்ட ஜெபம்

ரெபேக்கா ராக்காயி ஜெபம் பண்ணினால் எங்கள் லயம் முழுவதற்கும் கேட்கும். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே மலைச்சரிவில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் வைத்துக் கட்டிய பழைய லயம் எங்களுடையது. இரண்டு காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும், அதற்கு மேல் தகரம் வரை வெறும் வெளிதான். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் விடியற்காலையில் முழங்காலில் நின்று அவள் "ஆண்டவரே!" என்று தொடங்கினால், மணிக்கூட்டில் அலாரம் வைக்கும் வேலை எங்கள் யாருக்கும் இருக்கவில்லை.

அவள் பிறந்தது டயகமப் பக்கம். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற குடும்பம். சின்னத்தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தபோது, புருஷன் வீட்டார் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்களாக இருந்ததால் அவளும் சேர்ந்தாள். ஞானஸ்நானத்துக்கு முன்னால் என்ன பெயர் வேண்டும் என்று அந்தக் காலத்துப் போதகர் கேட்டிருக்கிறார். "ராக்காயிக்குக் கிட்டத்துல என்ன பேரு இருக்கோ அதக் குடுங்க ஐயா. கூப்புட்டா நான் திரும்பிப் பாக்கணும்ல" என்றாளாம். போதகர் யோசித்து ரெபேக்கா என்று வைத்தார். சபைக் கோயில் பதிவில் ரெபேக்கா, மலையில் ராக்காயி. இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள்.

சேர்ந்தவள் சும்மா சேரவில்லை, முழுசாக இறங்கிவிட்டாள். தோட்டத்துச் சின்னக் கோயிலில் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம், சனிக்கிழமை அட்டனில் உபவாசக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, நடுவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அங்கே ஒரு ஜெபம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். சின்னத்தம்பி தேயிலை அரைக்கும் இஸ்டோரில் வேலை செய்த, அதிகம் பேசாத மனிதர். வீட்டுக்கு வந்து பானையைத் திறந்து பார்ப்பார். சோறு இருந்தால் சாப்பிடுவார். இல்லாவிட்டால் மாவைப் பிசைந்து ரொட்டி தட்டுவார். ரொட்டி தட்டுவதில் எங்கள் லயத்திலேயே அவர்தான் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தது இப்படித்தான்.

எதைச் செய்வதற்கு முன்னாலும் ஆண்டவருடைய சித்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ராக்காயியின் கொள்கை. தெரிந்துகொள்ளும் முறையும் வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு வேதப்புத்தகத்தைத் திறந்து, விரலை வைப்பாள். விரல் விழுந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் பதில். பல நேரங்களில் இவன் அவனைப் பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான் என்று நீளமான வம்ச வரிசை வந்து சேரும். அப்போது, "ஆண்டவரே, எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க" என்று மறுபடி திறப்பாள். தனக்குப் பிடித்தது வரும் வரை திறந்துகொண்டே இருப்பாள் என்று சின்னத்தம்பி ஒரு தடவை சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த மிக நீளமான வாக்கியம் அன்றைக்கு அதுதான்.

பக்கத்துக் காம்பராவில் நாகலெட்சுமி இருந்தாள். புருஷனை இழந்தவள், ஒரே மகளைக் கொட்டகலைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். ராக்காயி இந்த லயத்துக்குப் புதுப்பெண்ணாக வந்த நாளிலிருந்து இருவரும் சிநேகிதிகள். மலையில் கொழுந்து பறிக்கப் பக்கத்துப் பக்கத்து நிரை, தண்ணீர் பிடிக்கும் பீலியில் பக்கத்துப் பக்கத்துக் குடம். ஒருத்தி மாரியம்மனைக் கும்பிட்டாள், ஒருத்தி இயேசுவைக் கும்பிட்டாள். பொங்கலும் கிறிஸ்மஸ் பலகாரமும் சுவருக்கு மேலாகவே கை மாறும். ராக்காயியின் ஒரே பெண் வினோதா, அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டு, அரைவாசி நாள் அங்கேதான் வளர்ந்தாள்.

வினோதாவுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் ஒன்றும் வராது. விட்டுவிட்டால் எப்போதாவது வரும்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் டயகமவிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. தன் பிறந்த வீட்டுப் பக்கத்துச் சம்பந்தம் என்பதால் ராக்காயிக்குத் தலைகால் புரியவில்லை. வேதப்புத்தகத்தைத் திறந்தாள். முதலில் வம்ச வரிசை, அடுத்து வெட்டுக்கிளிக் கூட்டம். மூன்றாவதில் யாரோ ஒருவரை எழுந்து புறப்படச் சொல்கிற இடம் வந்தது. "பாத்தீங்களா, பொண்ணு பொறப்படணும்னு அவரே சொல்லிட்டாரு!" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். வலிப்பைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடக்கூடாது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று மகளிடமும் சொல்லிவிட்டாள்.

வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் முகம் கழுவப் பீலிக்குப் போனாள். அங்கே நாகலெட்சுமி குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் லயத்துப் பெண்கள் சிலரும் இருந்தோம்.

"ஒரு விஷயங்க" என்றாள் நாகலெட்சுமி. "புள்ளைக்கு வலிப்பு இருக்கு. மாத்திர போடுது, போட்டா ஒண்ணும் வராது. தங்கமான புள்ள. தெரிஞ்சுகிட்டே கட்டிக்கிட்டுப் போங்க."

அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். எல்லோரும் தேத்தண்ணி குடித்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், போனார்கள். சொல்லி அனுப்பவேயில்லை.

செய்தி தெரிந்ததும் ராக்காயி வாசல் இஸ்தோப்பில் வந்து நின்றாள். "ஏன்டி சொன்ன?"

"உள்ளதத்தான சொன்னேன்" என்றாள் நாகலெட்சுமி. ஒரு கணம் வினோதாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். பல வருஷத்துக்கு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு அது.

நேருக்கு நேர் பேசவில்லையே தவிர, பேசாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மறுநாள் விடியற்காலை ராக்காயியின் குரல் கூரையைத் தொட்டது.

"ஆண்டவரே, நாக்க அடக்கத் தெரியாதவங்கள மன்னியும்!"

சுவருக்கு அந்தப் பக்கம் கற்பூர வாசனை எழுந்தது. "தாயே மாரியம்மா! பெத்த புள்ளைய வீட்டுல விட்டுப்புட்டு ஊரு ஊரா சுத்துறவங்களுக்கு நல்ல புத்தியக் குடும்மா!"

இது அன்றோடு நிற்கவில்லை. வருஷக்கணக்கில் நடந்தது. சில நாள் ஆண்டவருக்கும் அம்மனுக்கும் மாறி மாறிப் போன விண்ணப்பம் முடியவே முடியாது. நாங்கள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். நடுவில் சின்னத்தம்பி மட்டும், "ஆமென்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அப்படியாவது முடியட்டும் என்ற எண்ணம்.

ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. ஒரு கிறிஸ்மஸ் காலத்தில் விளையாட்டு மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டிக் கூட்டம் வைத்தார்கள். சாட்சி சொல்ல ராக்காயி மேடையேறினாள். "எனக்குத் துரோகம் செஞ்ச பக்கத்து வீட்டுக்காரிய நான் முழு மனசா மன்னிச்சிட்டேன்!" என்றாள். அழுதாள். கூட்டம் அல்லேலூயா சொன்னது. ஒலிபெருக்கி நான்கு மலைக்குக் கேட்டது. மன்னிக்கப்பட்ட நாகலெட்சுமி அந்த நேரம் பீலியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

வினோதா இதற்கிடையில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தாள். மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. குழந்தைகள் அவளிடம் ஒட்டிக்கொண்டன. கோயிலில் பாட்டும் நன்றாகப் பாடுவாள். அம்மா அட்டனுக்குப் போன சனிக்கிழமைகளில் சத்தமில்லாமல் பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாள். எங்களுக்கெல்லாம் தெரியும். ராக்காயிக்குத்தான் தெரியாது.

தொண்ணூற்று எட்டில் எங்கள் கோயிலுக்கு றமணன் போதகர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வயது முப்பதுக்குள். எங்கள் குளிருக்குப் பயந்து சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் போட்டிருப்பார். அவர் பேசுவது எங்களுக்கும் நாங்கள் பேசுவது அவருக்கும் விளங்க ஆறு மாதம் பிடித்தது.

அடுத்த வருஷம் யோகராஜின் பேச்சு வந்தது. அவன் ரயில்வேயில் தண்டவாள வேலை செய்பவன், பட்டிப்பொலயில் இருந்தான். எங்கள் தோட்டத்தில் அவனுக்கு ஒரு சித்தி. கிறிஸ்மஸுக்கு வந்தபோது கரோல் பாடப் போன கூட்டத்தில் வினோதாவைப் பார்த்திருக்கிறான். பிறகு அந்தச் சித்திக்கு அடிக்கடி சுகமில்லாமல் போனது. அவனும் அடிக்கடி வந்து பார்த்தான்.

பெண் கேட்டதும் ராக்காயி வழக்கம்போல வேதப்புத்தகத்தைத் திறந்தாள். வம்ச வரிசை. மறுபடி திறந்தாள். கூடாரத்துக்கு எத்தனை பலகை என்ற கணக்கு. ஒரு வாரம் திறந்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் போதகர் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, நீங்க ஆண்டவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. பையன் நல்லவன்ங்கிறாங்க. ஆனா பட்டிப்பொல ரொம்பத் தூரம், குளிரு வேற. அவரோட சித்தம் என்னான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

போதகர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். "அம்மா, ஆண்டவர் எனக்குச் சொன்னவர் எண்டால் நான் உங்களுக்கு ஒளிப்பனே? எனக்குத் தெரியேல்லை."

"நீங்களே இப்புடிச் சொன்னா எப்புடிங்க? இதுக்குன்னே காலேஜுல படிச்சீங்கல்ல?"

"படிச்சனான்தான். அங்கையும் இதைச் சொல்லித் தரேல்லை." சிரித்தார். பிறகு சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார். "சரி, பிள்ளை என்ன சொல்லுறா?"

"எந்தப் புள்ள?"

"உங்கட மகள்தான். அவவுக்குத்தானே கலியாணம். அவவிட்டக் கேட்டனீங்களோ?"

"அவ சின்னப் புள்ளைங்க, அவகிட்டப் போயி..." என்று ராக்காயி தொடங்கி நிறுத்தினாள். வினோதாவுக்கு அப்போது இருபத்தைந்து தாண்டிவிட்டது. ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, நேரே பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தாள்.

அங்கே நடந்ததை எங்களுக்குச் சொன்னது ராசம்மா. பிள்ளைக்காம்பராவில் மூத்த ஆயா அவள்தான், துணி மடிப்பதுபோலப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். மத்தியானம் பால் குடித்துவிட்டுத் தொட்டில்களில் குழந்தைகள் எல்லாம் தூங்குகிற நேரம். ராக்காயி வாசலில் நின்று தன் வழக்கமான குரலில், "அந்தப் பட்டிப்பொலக்காரன ஒனக்குப் புடிச்சிருக்கா?" என்றாள். ஒரு தொட்டில் அசைந்தது.

"மெதுவாம்மா!" என்று வினோதா கையைக் காட்டினாள். ராக்காயி பிறந்ததிலிருந்து மெதுவாகப் பேசியதில்லை. ஆனாலும் குந்தி உட்கார்ந்து, கிசுகிசுப்பாகத் திரும்பக் கேட்டாள்.

"புடிச்சிருக்கும்மா."

"ஒன்னோட வெசயம்... அவனுக்கு..."

"தெரியும். நாந்தான் சொன்னேன். வந்தா என்ன செய்யணும்னு கேட்டாரு. சொல்லிக் குடுத்தேன்."

"நீயா போயி ஏன்டி சொன்ன? போன தடவ மாதிரி ஆகியிருந்தா?"

வினோதா அசைந்த தொட்டிலை ஆட்டிவிட்டாள். பிறகு சொன்னாள். "போன தடவையும் நாந்தாம்மா சொல்லச் சொன்னேன். பெரியம்மாகிட்ட."

கிசுகிசுப்பாகக் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன் என்றாள் ராசம்மா. ராக்காயியின் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வாயிலிருந்து வந்ததோ காற்று மட்டும். "ஏன்டி? எங்கிட்ட சொன்னா என்னா?"

"ஒங்ககிட்ட சொல்லத்தாம்மா காத்துக்கிட்டு இருந்தேன். சனிக்கெழம நீங்க அட்டன்ல. மறுநாளு கோயிலு, அங்கேருந்து அப்புடியே ஜெபக்கூட்டம். திங்கக்கெழம அவுங்க வர்றாங்க. மாத்திரைய ஒளிச்சு வச்சுத் திங்கச் சொன்னீங்க. போற எடத்துல அடுப்புக்கிட்ட நிக்கும்போது வந்துருச்சுன்னா யாருக்கும்மா தெரியும் என்ன செய்யணும்னு? பயமா இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்குப் போனேன்."

"அப்ப இத்தன வருஷம் ஏன்டி மூடி வச்ச?"

"பெரியம்மாதான் சொல்லாதன்னாங்க. 'ஒங்கம்மா எம்மேல கோவிச்சா ஒரு மாசத்துல ஆறிடும். ஒம்மேல கோவிச்சா நீ எங்க போவ'ன்னாங்க. அது ஆறவே இல்ல. அப்புறம் நீங்க மைக்குல வேற பேசிட்டீங்க. அதுக்கப்புறம் நான் எப்புடிம்மா சொல்றது?"

ஒரு குழந்தை விழித்து அழுதது. ராக்காயி எழுந்து, யாருடைய பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள். குழந்தை தூங்கிவிட்டது. அவள் மட்டும் வெகுநேரம் தட்டிக்கொண்டே நின்றாள். அந்தப் பிள்ளையின் தலைமுடி நனைந்துபோயிற்று என்றாள் ராசம்மா.

அன்று சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த நாகலெட்சுமியை ராக்காயி இஸ்தோப்பில் மறித்து நின்றாள். நாங்கள் எல்லோரும் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே வந்தோம்.

"நாகு" என்றாள் ராக்காயி. "வினோதா எல்லாத்தையும் சொல்லிருச்சு. என்னைய மன்னிச்சிடு."

நாகலெட்சுமி கூடையை இறக்கிவைத்து, தலையிலிருந்த துணியை அவிழ்த்து உதறினாள். "சொல்லிருச்சா. நல்லது."

"அவ்ளோதானா?"

"வேறென்ன? நீதான் என்னைய எப்பவோ மன்னிச்சிட்டியே. நாலு மலைக்குக் கேட்டுச்சு. 'அம்மா, என்னத்தயும் திருடுனீங்களா'ன்னு கொட்டகலையிலேருந்து எம்மக ஆள் அனுப்பிக் கேட்டா. ஒன்ன யாருடி மன்னிக்கச் சொன்னது?"

"தப்புத்தான்டி."

"தப்புத்தான்னு சொன்னா ஆச்சா? நீ எம்புட்டுக் காலம் எம்மேல கோவமா இருந்த? நானும் கொஞ்ச நாளு கோவமா இருந்துக்கிறேன். வழிய விடு." கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராக்காயி திகைத்து நின்றாள். மன்னிப்புக் கேட்டால் எதிர்ப்பக்கம் உடனே அழுது கட்டிப்பிடித்துக்கொள்ளும் என்றுதான் அவள் பெண்கள் சங்கத்தில் அத்தனை தடவை சொல்லியிருந்தாள். சின்னத்தம்பி உள்ளேயிருந்து, "அது கேக்குறதும் ஞாயந்தான" என்றார்.

மறுநாள் விடியற்காலை ராக்காயி முழங்காலில் நின்றாள். சத்தம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள்: "வாயத் தொறந்தேன். இத ஆண்டவர்கிட்ட சொல்றேனா, செவுத்துக்கிட்ட சொல்றேனான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு. பரமண்டல ஜெபத்துல மன்னிப்பு வர்ற எடத்துல நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் சும்மா ஒக்காந்திருந்தேன். சும்மா ஒக்காந்தாலும் அவரு கோவிச்சுக்கல."

கோபித்தது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்குதான். எங்கள் லயத்தில் பாதிப்பேர் எழும்ப நேரமாகிப் பெரட்டுக்குப் பிந்திப் போனோம். "என்ன இந்த லயத்துக்கு மட்டும் விடியிறதில்லையா?" என்று கத்தினார். உண்மைக் காரணத்தைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

அந்தச் சனிக்கிழமை ராக்காயி அட்டனுக்குப் போகவில்லை. அன்றைக்கு வினோதாவுக்கு ஆஸ்பத்திரி நாள். எத்தனையோ வருஷமாக அந்தப் பெண் தனியாகப் போய் வந்துகொண்டிருந்தாள். ராக்காயி கூடப் போனாள். வரிசையில் நின்றாள், வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள், மாத்திரையின் பெயரைச் சொல்லிப் பார்த்து நாக்கு சுழலாமல் மகளைச் சிரிக்க வைத்தாள். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை மகள் தமிழில் சொல்லச் சொல்லத் தலையாட்டினாள். திரும்பும் வழியில் இருவரும் கடையில் உட்கார்ந்து வடை சாப்பிட்டார்கள். அம்மாவோடு கடையில் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று வினோதா எங்களிடம் வந்து சொன்னாள். ஏதோ கல்யாணமே முடிந்துவிட்டதுபோல அவள் முகம் இருந்தது.

இன்னும் இரண்டு வாரம் போயிற்று. ஒரு காலை, இருட்டு சரியாகக் கலையவில்லை, ராக்காயி வீட்டுக் கதவை யாரோ காலால் தள்ளினார்கள். நாகலெட்சுமி, கையில் ஒரு கோப்பைக் கொத்தமல்லித் தண்ணியோடு.

"காய்ச்சலாடி?"

"இல்ல."

"தொண்டையில ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப ஏன்டி சத்தத்தக் காணோம்? வாரக்கணக்கா நான் ஒருத்தியா மாரியம்மாகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் ஆள் உசுரோட இருக்கா இல்லையான்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரலடி!"

ராக்காயி அவளைப் பார்த்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு இருவரும் அழுதார்கள், அழுகைக்கு நடுவிலும் சிரித்தார்கள். கொத்தமல்லித் தண்ணி ஆறிப்போனது. கடைசியில் சின்னத்தம்பி எடுத்துக் குடித்தார்.

"ஆனா ஒண்ணு" என்றாள் நாகலெட்சுமி மூக்கைச் சிந்திவிட்டு. "மன்னிச்சேன்னு மைக்குல சொன்னேல்ல? தப்பு என்னுதுன்னும் மைக்குலதான் சொல்லணும்."

"சொல்றேன்டி."

"சும்மா சொல்லாத. சொல்லணும்."

யோகராஜின் தாயைப் பார்க்க ராக்காயியே ரயிலேறிப் போனாள். மகளுடைய வலிப்பு, மாத்திரை, வந்தால் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் தானே சொன்னாள். அந்த அம்மாள், "எம்மகன் அன்னைக்கே சொல்லிட்டான்ங்க. நீங்க தேத்தண்ணியக் குடிங்க" என்றாள். இரண்டாயிரமாம் வருஷத் தொடக்கத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் நடந்தது. சமையல் பொறுப்பு முழுவதும் நாகலெட்சுமியிடம். மைதானத்தில் பந்தல் போட்டு ஒலிபெருக்கியும் கட்டியிருந்தார்கள். ராக்காயி மேடையேறினாள். பீலியடியில் நடந்தது, பிறகு தான் பேசியது, தன் பிள்ளை தன்னிடம் வர முடியாமல் பக்கத்து வீட்டுக்குப் போனது, எல்லாவற்றையும் சொன்னாள். "நாகு செஞ்சது துரோகம் இல்ல. நான் செய்ய வேண்டியத அவ செஞ்சா" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டை நிறுத்திக் கேட்டார்கள். ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் ராக்காயி சுருக்கமாகப் பேசுகிறவள் இல்லை. முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி, பிறகு நெளிந்தாள், பிறகு கரண்டியோடு மேடைக்கே வந்துவிட்டாள். "போதும்டி, எறங்கு. சோறு ஆறுது" என்றது நான்கு மலைக்கும் கேட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு வினோதாவுக்கு ஒரே ஒரு தடவை வலிப்பு வந்தது, வயிற்றில் பிள்ளை இருந்தபோது, அடுப்படியில். யோகராஜ் அவளை அடுப்பை விட்டு இழுத்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, தலைக்குக் கீழே தன் கம்பளியை மடித்து வைத்திருக்கிறான். யாரும் அலறவில்லை, வாயில் எதையும் திணிக்கவில்லை, ஒளித்து மறைக்கவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினான். தாயும் பிள்ளையும் சுகம் என்று செய்தி வந்த அன்று ராக்காயி நாகலெட்சுமியின் வாசலில் போய் நின்றாள். "அன்னைக்கு நீ மட்டும் சொல்லலன்னா..." என்று தொடங்கினாள். "தெரியும் போ" என்றாள் நாகலெட்சுமி.

இப்போதெல்லாம் ராக்காயி வேதப்புத்தகத்தைக் கண்ணை மூடித் திறப்பதில்லை. முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காக வாசிக்கிறாள். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, மகளைக் கட்டிக்கொடுக்கலாமா என்று யாராவது சித்தம் கேட்டு வந்தால் கூட உட்கார்ந்து ஜெபம் பண்ணுவாள். எழுந்து போகும்போது, "வீட்டுல கேட்டியா?" என்று ஒரு கேள்வி கேட்பாள். சிலருக்கு அது பிடிக்கவில்லை. முன்பு நல்ல வசனமாக எடுத்துக் கொடுத்தாள் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

வினோதாவின் குழந்தைக்கு லக்சனா என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை பார்க்க ராக்காயியும் நாகலெட்சுமியும் சேர்ந்துதான் பட்டிப்பொலக்குப் போனார்கள். ஸ்டேஷனில் இறங்கியதுமே நாகலெட்சுமிக்குப் பல் தந்தியடித்தது. யோகராஜ் கொண்டுவந்த கம்பளிகள் இரண்டையும் அவளே போர்த்திக்கொண்டு, "இங்க மனுசன் இருப்பானா?" என்று மருமகனைக் கேட்டாள். இரண்டு நாளில், குளிர் தாங்காது, கோழிகளைப் பார்க்க ஆளில்லை என்று கிளம்பிவிட்டாள்.

ராக்காயி அவளோடு திரும்பிப் போகவில்லை. அந்தச் சனிக்கிழமை அட்டனில் பெரிய உபவாசக் கூட்டம், நடத்த வேண்டியவள் அவள். "நாகு, இந்த வாரம் வர மாட்டேன், இங்க வேல இருக்குன்னு சங்கத்துக்காரங்ககிட்ட சொல்லிடு" என்று சொல்லி அனுப்பினாள். அடுத்த வாரம் யோகராஜ் ஊர்ப்பக்கம் போய்வந்து செய்தி சொன்னான். கூட்டம் மிக நன்றாக நடந்ததாம். வழக்கத்தைவிட நேரத்தோடேயே முடிந்துவிட்டதாம். ராக்காயிக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு, பிள்ளையைக் குளிப்பாட்ட நேரமாகிறது என்று வெந்நீர் வைக்க எழுந்து போனாள்.